மாமா, உங்கள் வண்டியை நான்தான் இடித்தேன்

என் ஆசை மாமாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிவப்பு வண்டியை இடித்துவிட்டேன். அதுவும் எங்கே? நீங்கள் படுத்திருக்கிற கல்லறைத் தோட்டத்து வாசலில். கல்லறைத் திருநாள் அன்று காலையில், ஊரே மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவுமாக நிற்கும்போது, கருங்கல் தூணில் முன் பம்பரின் வலது மூலையைக் கொண்டுபோய்ச் செருகினேன். சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஆடு குறுக்கே வந்தது, குழந்தை ஓடி வந்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் முன்னாடியே ஒடித்துவிட்டேன், அவ்வளவுதான். கணவர் செத்த பிறகு அவருடைய ரேஸ் வண்டியில் கல்லறைக்கு வருகிறாளே என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல தீனி கிடைத்தது.

பென்னாகரத்தில் புளி மண்டி வைத்திருப்பவருக்கு இரண்டே பேர் உட்காரும் கார் எதற்கு என்று ஊர் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. நினைவிருக்கிறதா? இந்த மாடலைச் செய்ததே கொஞ்சம், இப்போது செய்வதும் இல்லை, எங்கே தேடினாலும் உதிரிபாகம் கிடைக்காது என்று ராத்திரியெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். டீக்கடையில் நிறுத்திவிட்டு, “இத்தன வருசத்துல ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்” என்று சவால் விடுவீர்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் என்னை ஒரு நாளாவது ஓட்ட விட்டீர்களா? சித்தேரி மலையிலிருந்து புளி மூட்டையோடு டெம்போவை இறக்கிக்கொண்டு வருகிறவள் நான். அந்த வளைவுகளில் என்னை நம்பினீர்கள். இந்த வண்டிக்கு மட்டும், “உனக்கு இது சரிப்படாது புள்ள, எங்கியாச்சும் கொண்டுபோய் இடிச்சிருவ” என்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

அன்றைக்குத் தூணில் இடித்ததும் உங்கள் தம்பி ஆரோக்கியம், உங்களுக்கு வாங்கிய மாலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். “எறங்குங்க அண்ணி. சாவியக் குடுங்க. வண்டிய நான் மண்டியில வுட்டுர்றேன், நீங்க ஆட்டோவுல வாங்க” என்றான். ஊர் பார்க்கக் கையை நீட்டினான். நானும் கொடுத்துவிட்டேன் மாமா. பம்பர் உடைந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கொடுத்தேனே, அதுதான் ஆறவில்லை.

மறுநாள் அவனிடமிருந்து போன் வந்தது. பெங்களூரில் ஒருவர் இந்த மாதிரி பழைய வண்டிகளாக வாங்கிச் சேர்க்கிறாராம், மேற்கொண்டு எதுவும் ஆவதற்குள் தள்ளிவிடலாம் என்றான். வண்டி மண்டி ஷெட்டில் நின்றது. சாவி அவன் வீட்டில் இருந்தது. பம்பரைக் கழற்றச் சாவி எதற்கு? ஸ்பானர் போதும். கழற்றி, டெம்போவில் காலிச் சாக்குகளுக்கு மேல் படுக்க வைத்து, தொப்பூருக்குக் கொண்டுபோனேன். இந்தப் பம்பர் பைபரில் செய்தது; அங்கே லாரிகளுக்குப் பைபர் வேலை செய்கிற மாதையன் பட்டறை இருக்கிறது.

மாதையன் விரிசலை ஓரமெல்லாம் தேய்த்து, உள்பக்கம் திருப்பிப் போட்டார். வலது மூலையைப் பார்க்கவேண்டியவர் இடது மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க்கா, இது முன்னாடியே ஒரு அடி வாங்கியிருக்குதுங்களே.”

“இருக்காது. நல்லாப் பாருங்க.”

“நீங்களே வந்து பாருங்க. மேல தெரியாத மாதிரி பெயிண்ட் அடிச்சி, உள்ளாற ஒட்டுப் போட்டுக்கிறாங்க. பைபருக்குப் பதிலா சாக்க வெச்சி ரெசின் ஊத்தியிருக்குதுங்க. பட்டறைக்காரன் வேல இல்லீங்க, ஆரோ வூட்லயே பண்ணினது.”

குனிந்து பார்த்தேன். மஞ்சளாக இறுகிப்போன பசைக்கு அடியில் சணல் சாக்குத் துண்டு. அதன் மேல் நீல மையில், தலைகீழாக, நம் மண்டி முத்திரை. ‘புளி’ என்ற எழுத்துகூட அழியவில்லை மாமா.

முதலில் சிரித்தேன். மாதையன் பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். ஒரு தடவை, பேட்டரி போய்விட்டது என்று வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, மண்டி ஷெட்டுக்குள் என்னை வரவிடாமல் விரட்டினீர்களே, அப்போதா? எங்கே இடித்தீர்கள்? தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பின்னாலா, நம் வீட்டு கேட்டிலேயேவா? என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சாக்கை நானே வெட்டிக் கொடுத்திருப்பேனே!

சாக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, பிரிக்கத் தேவையில்லை என்றார் மாதையன். அப்படியே விடச் சொன்னேன். என் பக்கத்து உடைசலுக்கு முறையாகப் பைபர் வைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பழைய சிவப்புக்குச் சேர்கிற மாதிரி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஒட்டுப் போட்டது தெரியவில்லை. நல்ல வேலை.

அங்கிருந்து நேராக ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன்.

“தம்பி, சாவிய எடுத்துட்டு வா.”

“எதுக்குங்க அண்ணி வம்பு? அந்த பெங்களூர்க்காரர்கிட்டச் சொல்லியாச்சு. அண்ணன் இருந்திருந்தா இந்த வண்டிக்கு இப்பிடி ஒரு கதி வந்திருக்குமா? கண்ணுல வெச்சிப் பாத்தாரு.”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது மாமா. பம்பர் டெம்போவில்தான் இருந்தது. திருப்பிக் காட்டினால் அவன் வாயடைத்துப் போயிருப்பான். நான் காட்டவில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் இடித்தீர்கள் என்பதைச் சாட்சி வைத்துத்தான் நான் ஓட்டவேண்டுமா? நீங்கள் உண்மையிலேயே ஒரு கீறல்கூடப் போடாதவராக இருந்து, நான் மட்டுமே இடித்திருந்தாலும், அந்தச் சாவி என்னுடையதுதானே?

“இடிச்சது நாந்தான்” என்றேன். “இன்னொருவாட்டி இடிச்சாலும் நானே சரி பண்ணிக்குவேன். விக்கறதா இருந்தா அதயும் நாந்தான் விக்கணும். இப்ப விக்கல. சாவியக் குடு.”

“ஊருக்குள்ள என்ன பேசுவாங்க அண்ணி?”

“பேசட்டும். ஊரா எனக்கு டீசல் போடுது?”

“இது பெட்ரோல் வண்டிங்க அண்ணி” என்றான். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தான்.

பம்பரை மாட்டிய பிறகுதான் அவனைக் கூப்பிட்டேன். இடது மூலைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார் என்றேன். டார்ச் அடித்து முத்திரையையும் பார்த்தான். “அண்ணனா?” என்று கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். பாவம், உங்களை நம்பியதில் அவன் என்னைவிட ஒரு படி மேல்.

இதையெல்லாம் ஊர் படிக்கிற மாதிரிப் பத்திரிகையில் எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். ஆமாம், படிக்கட்டும். சொல்லவேண்டிய நேரத்தில் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம் நீங்கள். இடித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. இடித்துவிட்டு வந்து, அதே வாயால் ‘நீ இடிச்சிருவ’ என்று என்னிடம் சொன்னீர்களே, அதை எப்படி மறப்பது? திருப்பிக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. நெஞ்சுவலி என்று சொல்லி ஒரே காலையில் போய்விட்டீர்கள்.

நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் நானும் அங்கே வருவேன். வந்ததும் வராததுமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல், இந்தச் சண்டையை எடுப்பேன். சத்தியமாக எடுப்பேன். மோட்சத்துப் புனிதர்கள், அர்ச்சிஷ்டவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்றாலும் விடமாட்டேன். ஆனால் நீங்கள் வழி பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம் மாமா. எனக்கு அவசரமே இல்லை. இப்போதுதான் ஓட்டவே ஆரம்பித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு இன்னும் சண்டை முடியாத
உங்கள் பொண்டாட்டி,
ஸ்டெல்லா