வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டிய படிவம்

எருக்கலம்பிட்டி
09.03.2015

அன்பு மகள் ஜெஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம், பேராதனைக் குளிரில் உனக்கு இருமல் வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, குசினிக்குத்தான் இன்னும் கதவில்லை, நேற்று ஆடு உள்ளே வந்து இடியப்ப மாவைத் தின்றுவிட்டது. வாப்பா கருவாடு கொண்டு முருங்கனுக்குப் போயிருக்கிறார்.

சிறப்புப் பட்டத்துக்கு இரசாயனமா விலங்கியலா, நீங்களே சொல்லுங்கோ உம்மா என்று போனில் கேட்டாய், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரசாயனம் படித்தால் ஆசிரியர் வேலையாவது கிடைக்கும் என்கிறார்கள். விலங்கியல் படித்த நானாட்டான் ஊர்ப் பிள்ளை ஒருத்தி மூன்று வருடமாக வேலையில்லாமல் இருக்கிறாள், அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலில் வேலை கேட்டு எழுதிய மட்டை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றதை நானே கண்டேன். ஆனால் சின்னதில் நான் மீன் வெட்டினால் நீ பக்கத்தில் குந்தியிருந்து குடலைப் பிரித்துப் பார்ப்பாய், கறி பிந்துது என்று ஏசுவேன், அதுவும் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் புத்தி சொல்லப் பயமாக இருக்கிறது மகள். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது உன்னையும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்றார் வாப்பா. தகரக் கொட்டில், ரியூசன் இல்லை, புத்தளத்தில் மாமி வீட்டிலேயே நின்று படிக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். உன்னோடு சோதனை எழுதிய சரிபுதீன் நானாவின் மகன் டொக்டருக்குப் படிக்கிறான் அல்லவா, அவனுக்கு உன்னைவிடக் குறைந்த புள்ளியாம், இங்கே படித்ததால், புத்தளத்தைவிடக் குறைந்த புள்ளிக்கும் இடம் கொடுக்கும் மன்னார் மாவட்டத்தில் எடுபட்டானாம், போன கிழமைதான் அவனுடைய உம்மா சொன்னா. நான் வாப்பாவைப் பிடித்துக் கேட்டேன். அவளுக்கு முடிவு வந்த அண்டைக்கே தெரியும், உம்மாட்ட சொல்லிப்போடாதீங்கோ எண்டு சத்தியம் வாங்கினவள் என்றார். நீ என்னிடம் சொன்னது, இரத்தம் கண்டால் மயக்கம் வரும் உம்மா, எனக்கு டொக்டர் வேலை வேணாம் என்று. மீன் குடல் பிரித்த பிள்ளை சொன்னதை நானும் நம்பிச் சிரித்தேன். போனில் இதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அதனால் பாடத்தின் பெயரை இந்த முறை நான் சொல்லமாட்டேன். உன் மனதுக்குச் சரியென்று பட்டதை எழுது, எதை எழுதினாலும் வேலைக் கவலை எனக்குப் போகப்போவதில்லை. அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத் தரட்டும். படிவம் அடுத்த கிழமை வெள்ளிக்குள், மறந்துவிடாதே. நாளைக்கு வேலை கிடைக்காவிட்டாலும் என்னிடம் சொல்லு, வாப்பாவிடம் சொல்லுவதற்கு முதல் சொல்லு. எனக்கு நோகும் என்று இனி எதையும் மறைக்காதே.

உன் உம்மா
நூர்ஜஹான்