கலிங்கப்பட்டினம் வரைக்கும்

மூன்று நாள் மழை விட்டு இன்று வெயில் அடித்தது. காரின் பின்கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை முகத்தில் குப்பென்று அடித்தது. மச்சிலிப்பட்டினத்தில் நீ வாங்கிய நெத்திலி. பொட்டலம் கிழிந்து கொட்டியதை அன்றே வாரி எடுத்துவிட்டோம். வாடை மட்டும் விரிப்புக்குள் தங்கிவிட்டது. ஈரம் பட்டால் எழுந்து வருகிறது. "வண்டிய வித்துடும்மா" என்கிறாள் என் மகள். விற்க மாட்டேன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் நீ என் பக்கத்து வீடு. கணவர் இறந்தபின் சுரங்க அலுவலகத்தில் அவருக்குப் பதிலாக வந்த வேலையைப் பார்த்து, மகனை ஆளாக்கினாய். ஓய்வுபெற்ற மறுவாரம் என் சமையலறையில் வந்து நின்றாய்.

"கடலூர்ல பாக்குறமே கடலு, அது வடக்கால எப்டிப் போவுதுன்னு பாக்கணும்டி. ஒன் காரு எடுத்துகினு போலாம், வா."

உன் மகன் குதித்தான். "ரெண்டு பொம்பளைங்க தனியாவா?"

"ரெண்டு பேரு போனா அது எப்டிடா தனி?" என்றாய்.

என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் வடலூரைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. நீ ஓட்டுவதாகத்தான் பேச்சு. பழவேற்காடு, சீராலா, காக்கிநாடா என்று கடலை விட்டு விலகாமல் போனோம். பெரிய சாலை வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தாய். மணல் ஏறிய தெருக்களில், வலை காயும் முற்றங்களில் வண்டியை நிறுத்தி, தெலுங்கில் பேசியவர்களுக்கெல்லாம் தமிழிலேயே பதில் சொன்னாய். எப்படியோ சோறு கிடைத்தது, தங்க இடமும் கிடைத்தது.

ஆறாம் நாள், பீமுனிப்பட்டினம் கடந்து, நம் ஊரைப் போலவே செம்மண்ணும் முந்திரியுமாக இருந்த இடத்தில் திடீரென்று ஓரங்கட்டினாய். வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதை இடது கையால் தூக்கப் பார்த்தாய்.

"அது திரும்பி வந்துருக்குதுடி" என்றாய். முன்பு மார்பில் அறுத்து எடுத்த கட்டியைச் சொன்னாய்.

"எப்பத் தெரியும்?"

"பொறப்படறதுக்கு மின்னாடியே."

கத்தினேன். கதவை அறைந்து சாத்திவிட்டு முந்திரி மரத்தடியில் போய் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது நீ பக்கத்து இருக்கைக்கு மாறி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

"ஊருக்குத் திரும்பிடுவோம்" என்றேன்.

"திரும்பறதுன்னாலும் நீதான ஓட்டணும்? அப்ப முன்னாலயே ஓட்டு."

"எனக்கு வராதுடி."

"வடலூர் நாலு ரோட்டுல அத்தினி பஸ்ஸுக்கும் நடுவுல ஓட்டுன. இங்க மாடுதான் இருக்குது. ஓட்டு."

ஓட்டினேன். பாலத்தில் ஏறும்போது இரண்டு முறை வண்டி அணைந்துபோனது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். நீ ஜன்னலில் தலையை நீட்டி, "இருங்க சாமி, இப்பதான் கத்துக்குது!" என்று கத்தினாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கலிங்கப்பட்டினம் சேர்ந்தோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மணலில் என் தோளைப் பிடித்து நின்று வடக்கே பார்த்தாய். "இன்னும் போவுதேடி!" என்றாய், குழந்தை மாதிரி. உன் உடம்பு அதற்குமேல் தாங்காது என்று இருவருக்குமே தெரிந்தது. அங்கிருந்து நெய்வேலி வரை நானே ஓட்டினேன். வழியெல்லாம் நீ தூங்கினாய்.

பிறகு எட்டு மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் நானே ஓட்டினேன். ஒரு தடவைகூட உன் மகனை லீவு போட விடவில்லை. கடைசி நாளன்றும் நான்தான் ஓட்டினேன்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. முன்பே சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன், உன்னையும் போக விட்டிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீ மறைத்தாய். அந்தக் கோபத்தோடேயே பிளாக்கில் யாருக்கு அவசரமென்றாலும் வண்டியை எடுக்கிறேன். முடியாது என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை.

தை பிறந்ததும் ஒடிசா எல்லையைத் தாண்டிப் போகிறேன். நாளைக் காலை வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறேன்.