வெல்டருக்கு ஊட்டிய தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று என் அறையில் இருக்கும் வெல்டருக்குக் கடும் வயிற்றுப்போக்கு. "குடிச்சா இன்னும் போகும்டா" என்று தண்ணீரையே தொடவில்லை. மதியத்துக்குள் கண்கள் குழிவிழுந்து, நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்ட வண்டி இன்னும் வரவில்லை.

கையிலிருந்த ஒரே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். அவர் உதட்டருகே கொண்டுபோன பிறகுதான் உறையில் 'ஒரு லிட்டருக்கு' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு உப்பாகக் கொடுத்தால் உடம்பு இன்னும் மோசமாகும். அதை அப்படியே லிட்டர் பாட்டிலில் ஊற்றி, நல்ல தண்ணீரால் நிரப்பி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். வாந்தி எடுத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டினேன். வண்டி சத்தம் கேட்டபோது, "ஒண்ணுக்கு வருதுடா" என்றார். உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது என்று அறையே கைதட்டியது!

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த முறை போனில், "தண்ணி குடிச்சியாடா?" என்று என்னை ஒருமுறை அதட்டு, அம்மா. இங்கே அதட்ட ஆளில்லை.

உன் மகன்