நார் கட்டிய கால்

இன்று காலை திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஈர வாழைநார் வாசம் அடித்தது. பூ வாங்க வந்ததையே மறந்து நின்றுவிட்டேன். உன் நினைப்பு எங்கே, எப்போது வந்து பிடிக்கும் என்று இப்போதெல்லாம் எனக்கே தெரிவதில்லை.

செம்பட்டிக் கல்யாணத்தைப் படம்பிடிக்கப் போகும்போது இங்கேதானே வண்டியை நிறுத்தினாய்? ட்ரைபாடில் ஒரு கால் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. பூக்காரம்மாவிடம் நார் கேட்டு வாங்கி, அந்தக் காலைச் சுற்றிக் கட்டினாய். அது சின்னக் கேமராவுக்கான ட்ரைபாட். நம் வீடியோ கேமராவின் கனத்துக்கு ஆகாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"போடா, கல்யாண மாலையவே தாங்குது, இதத் தாங்காதா?" என்று சிரித்தாய்.

முகூர்த்தம் வருவதற்குள் நார் காய்ந்து தளர்ந்திருந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையோடு மொத்தச் சனமும் மேடையில் ஏறியது. "செத்த ஒதுங்குங்கண்ணே, தாலி தெரியல!" என்று நீ கேமராவை விட்டுவிட்டு ஆட்களை விலக்கப் போனாய். பலகை மேடை அதிர்ந்தது. கால் மடங்கிக் கேமரா பக்கவாட்டில் விழுந்தது. லென்ஸில் விரிசல் விழுந்தது.

அதற்கப்புறம் நீ அதிக நாள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

போன மாதம் உன் மனைவி நம் ஸ்டுடியோவுக்கு வந்தது. "அவரு பேசுறது எதுலயாச்சும் இருக்காண்ணே? பிள்ளைக்குக் காட்டணும்" என்றது. இருக்கிற பதிவையெல்லாம் புரட்டினேன். ஊரார் கல்யாணத்தை எல்லாம் எடுத்த நீ எதிலுமே இல்லை, படுபாவி. கடைசியில் ஒன்று கிடைத்தது. விழுந்த பிறகும் அந்தக் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சாய்ந்து கிடக்கும் கம்பளம். ஓடி வரும் உன் வெறுங்கால். பிறகு விரிசலுக்குப் பின்னால் குனியும் உன் முகம். "ஏலே, லென்ஸ் போச்சுடா... தாலி கட்டுனத நீ போட்டோ எடுத்தியா?" "எடுத்துட்டேன்" என்று என் குரல். "அப்பச் சரி" என்கிறாய். உன் கை நீண்டு வந்து கேமராவை அணைத்துவிடுகிறது.

உன் மனைவி திரும்பத் திரும்பப் பார்த்தது. "செத்த நேரம் நிறுத்தாம இருந்திருக்கலாம்லண்ணே" என்றது.

இப்போது என்னிடம் கனமான ட்ரைபாட் இருக்கிறது, அசையாது. ஆனாலும் கல்யாணம் முடிந்ததும் கேமராவை நான் உடனே அணைப்பதில்லை. வெறும் மேடைதான் பதிவாகிறது. ஓரத்திலிருந்து ஒரு முகம் சாய்ந்து வருமோ என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.