பானெட்டை மூடிவிட்டு ஏறச் சொன்ன மதினிக்கு

மதினி,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்க் கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால் ராஜபாளையம் பஸ் எதிலும் கால் வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. புது ரப்பர் மிதியடியும் பசையும் வெயிலில் காய்ந்த மட்டமான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஸ்டியரிங் நடுவில் இருந்த சின்னத்தைப் பார்த்தேன். உங்கள் பழைய காரில் இருந்த அதே சின்னம்.

"இந்தக் கம்பெனி இன்னுமா கார் விக்குது?" என்று கேட்டேன்.

"இப்ப முதலாளி வேற, டீச்சர். கம்பெனி கைமாறிருச்சு. விலை கம்மி, மைலேஜ் அள்ளுது. பழைய கதையெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றான் டிரைவர்.

எனக்கு இருக்கிறது. ராஜபாளையம் வரும்வரை அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். சிரித்துக்கொண்டு வந்தவன் பாதி வழியில் சிரிப்பை நிறுத்திவிட்டான். "லோன் போட்டு எடுத்தாச்சே டீச்சர், இனி என்ன செய்ய?" என்றான். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஆத்திரத்தை உங்களைத் தவிர யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்?

நீங்கள் அந்தக் காரை வாங்கியது விலையைப் பார்த்து மட்டுமல்ல. சோழபுரத்தில் உங்கள் அப்பாவின் கிணற்றில் ஓடியது அதே கம்பெனியின் பம்பு எஞ்சின். உங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு மரியாதை. மழையில் நனைந்தாலும், சேற்றில் கிடந்தாலும், ஒரு இழுப்பில் ஓடும் என்பார்கள். பெரிய முதலாளி இருந்தவரை எஞ்சின் மட்டும்தான் செய்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் சின்ன லோடு வண்டி விட்டார்கள், அடுத்து கார். 'உங்கள் வீட்டின் முதல் கார்' என்று விளம்பரம் வந்தது. ஸ்கூட்டரை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோயிருந்த உங்களுக்கு அந்த விளம்பரம் போதும். "எங்கப்பாவுக்குத் தண்ணி எறச்ச கம்பெனிட்டி. மோசம் போகமாட்டான்" என்றீர்கள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்குச் சேத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் நீங்கள் அந்தக் காரிலேயே போய்வந்தீர்கள். முதல் மழைக்கே டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டி உங்கள் கால் நனைந்தது. இடது பக்கக் கண்ணாடி ஒருநாள் தானாகக் கதவுக்குள் இறங்கி மறைந்துபோனது. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம். மார்க்கெட்டில் உங்களைக் கண்டால் "டப்பா கார் வருது" என்று கிண்டல் செய்தவனிடம், "டப்பாதான். அதுக்கு நீயா டீசல் ஊத்துத?" என்று கேட்டு வாயை அடைத்தீர்கள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. குறைந்த விலைக்குக் குறைந்த வசதி; அதில் எனக்கும் வழக்கில்லை. ஆனால் குறைந்த விலை கொடுப்பவன் உயிர் குறைந்த விலை என்று அவர்கள் நினைத்தார்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

வத்திராயிருப்பில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு நாம் இரண்டு பேரும் திரும்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா மதினி? இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எஞ்சினை மூடியிருக்கும் முன்பக்க பானெட் திடீரென்று எழும்பி, டமார் என்று கண்ணாடியில் வந்து அடித்தது. ரோடே மறைந்துபோனது. நான் அலறினேன். நீங்கள் அலறவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, ஓரத்தைப் பார்த்து, மெல்ல மெல்ல வண்டியைத் தோப்போரமாக ஒதுக்கி நிறுத்தினீர்கள். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நம்மை உரசாத குறையாகக் கடந்தது. வண்டி நின்றது. உங்களால் சாவியை உருவக்கூட முடியவில்லை.

"ஏட்டி, உசுரோடதான இருக்கோம்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தீர்கள்.

தோப்புக்காரர் கொடுத்த தென்னங்கயிற்றால் பானெட்டைக் கட்டி, ராஜபாளையம் சர்வீஸ் சென்டருக்கு ஊர்ந்து வந்தோம். அங்கே சூப்பர்வைசர் வண்டியைப் பார்க்கவே இல்லை. உங்களைத்தான் மேலும் கீழும் பார்த்தான்.

"பானெட்ட நீங்க சரியா மூடியிருக்க மாட்டீங்க மேடம்."

"நான் அதைத் தொறந்ததே கெடையாது. கடைசியாத் தொறந்தது உங்க ஆளுதான், போன சர்வீஸுக்கு."

"லேடீஸ் ஓட்டுறப்போ இப்படித்தான் மேடம். பதட்டத்துல எதையாவது பிடிச்சு இழுத்திருப்பீங்க."

அவன் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவனைச் சொல்லி என்ன? அவனுக்கு அந்த வாசகத்தை மேலேயிருந்து யாரோ மனப்பாடம் செய்துகொடுத்திருக்கிறார்கள். வேறு வேறு ஊர்களில் இதே வண்டி வைத்திருந்தவர்களிடம் பிறகு விசாரித்தபோது, எல்லாருக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது. பெண்ணாக இருந்தால் பதட்டம். வயசானவராக இருந்தால் மறதி. இளைஞனாக இருந்தால் வேகம். குற்றம் எப்போதும் ஓட்டியவர் மேல்.

உங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது முருகையா. சேத்தூரில் உரக்கடை வைத்திருந்தவர், உங்கள் பாலிசிக்காரர். உங்கள் காரைப் பார்த்துத்தான் அவரும் அதையே வாங்கினார். மறுநாளே சேத்தூருக்குப் பஸ்ஸில் போய் அவரிடம் சொன்னீர்கள். அவரும் அசட்டையாக இருக்கவில்லை. அதே சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். "அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியல சார். உங்க வண்டி ஜம்முன்னு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சேத்தூர் ரோட்டில் கண்மாய்க்கரை வளைவில் முருகையாவின் கார் புளியமரத்தில் மோதியது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்விக்குக் கால் எலும்பு மூன்றாக உடைந்தது. ஆஸ்பத்திரியில் செல்வி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "கண்ணாடி இருட்டாயிருச்சுக்கா. பட்டப்பகல்ல இருட்டாயிருச்சு."

அது என்ன இருட்டு என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

முருகையாவின் சாவுக்குக் கூடியிருந்த துட்டி வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஒருத்தன் வந்தான். சட்டையை உள்ளே விட்டு, தோல் பையோடு. அனுதாபம் சொல்ல வந்தவன், பந்தலுக்கு வெளியே நின்று முருகையாவின் தம்பியிடம் மெதுவாகக் கேட்டான்: "சாருக்குக் குடிப் பழக்கம் உண்டா?" பீடிகூடப் பிடிக்காத மனுஷன் முருகையா. உங்கள் காதில் அது விழுந்தது. நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போய், காலில் கட்டோடு கிடந்த செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து நான் பயந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு முகூர்த்த நாள். கம்பெனி ஷோரூமில் ஒரு புதுமணத் தம்பதிக்குக் கார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், போட்டோ. நீங்கள் உங்கள் காரை வாசலிலேயே குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே போனீர்கள். உங்கள் பின்னால் நான். மேனேஜர் ஓடிவந்தார்.

"அம்மா, ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசுவோம்."

"பேச வரல தம்பி. நான் பானெட்டச் சரியா மூடலன்னு சொன்னீங்கள்லா? இன்னைக்கு நீங்களே மூடுங்க."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் பானெட்டைத் திறந்து, மூடி, இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினார். "இப்ப திருப்திதானம்மா?"

"நல்லா மூடிட்டீங்களா?"

"நல்லா மூடிட்டேன்."

"அப்ப ஏறுங்க. முன்னாடி உக்காருங்க. செத்த நேரம் போயிட்டு வருவோம்."

மணப்பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் மறுக்க முடியவில்லை. ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். நீங்கள் தென்காசி ரோட்டில் சேத்தூர்ப் பக்கமாக வண்டியை விட்டீர்கள். வேகம் கூடியது. பானெட் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் 'திறந்திருச்சா?' என்று கேட்கிறார்கள். திறக்கவே இல்லை. அது அப்படியே சாதுவாக மூடிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் மேனேஜர் பானெட்டைத்தான் பார்த்தார். முன்னே வரும் லாரியைப் பார்க்கவில்லை. கையால் டேஷ்போர்டைப் பிடித்தார். சட்டைக் காலர் நனைந்துபோனது. கண்மாய்க்கரை வளைவு கண்ணில் பட்டதும் அவர் குரல் உடைந்தது.

"அம்மா, நிறுத்துங்க. நான் எறங்கிக்கிடுதேன்."

"ஏன் தம்பி? நீங்கதான மூடுனீங்க?"

"நிறுத்துங்கம்மா. எனக்கும் பிள்ளைக இருக்கு."

நிறுத்தினீர்கள். எஞ்சினையும் அணைத்தீர்கள். புளியமரத்தில் பட்டை உரிந்த இடம் எதிரிலேயே தெரிந்தது. அவர் இறங்காமல் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "மேல எத்தனையோ தடவை சொல்லியாச்சும்மா. பானெட் கொக்கி சரியில்லன்னு அவியளுக்குத் தெரியும். வண்டிய எல்லாம் திரும்பக் கூப்பிட்டா பேரு கெட்டுப்போகும்ங்காங்க."

"முருகையா பேரு கெட்டா பரவால்லயா?" என்று கேட்டீர்கள்.

அவர் இறங்கிப்போனார். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு ஏதோ வெளியூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவரை நல்லவர் என்று சிலர் சொல்வதுண்டு. நான் சொல்லமாட்டேன். தெரிந்தே விற்றவர், மாலை போட்டு விற்றவர்.

பிறகு நீங்களும் செல்வியும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டீர்கள். கம்பெனி வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். இதற்கு நடுவில் 'இலவசப் பராமரிப்பு முகாம்' என்று ஒன்று நடத்தினார்கள். முகாமுக்குப் போன வண்டிகளுக்கெல்லாம் பானெட்டில் இரண்டாவதாக ஒரு கொக்கியைச் சத்தமில்லாமல் மாட்டினார்கள். "இது எதுக்கு?" என்று கேட்டீர்கள். "கூடுதல் பாதுகாப்பு மேடம்" என்றான் மெக்கானிக். "அப்ப முந்தி மாட்டாதது எதுக்கு?" என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டீர்கள். கைக்குள் அடங்கும் ஒரு இரும்புக் கொக்கி. அதை முதலிலேயே மாட்டியிருந்தால் செல்வி இன்றைக்கு விந்தி விந்தி நடக்க வேண்டியதில்லை.

வழக்கு முடிவதற்குள் மகன்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். பழைய பொறுப்பு எதுவும் எங்களுடையதல்ல என்று புது முதலாளி மனுப் போட்டார். பெயர் மட்டும் வேண்டும், அந்தப் பெயரில் நடந்தது வேண்டாம்.

உங்கள் காரை விற்றுவிடலாம் என்று அண்ணன் ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தார். கொக்கிதான் மாட்டியாச்சே, ஓடுகிற வண்டிதானே என்றார். "இத இன்னொருத்தன் தலையில கட்டுனா நானும் அந்தக் கம்பெனிக்காரியாயிருவேன்" என்றீர்கள். பழைய இரும்புக் கடைக்கு நீங்களே ஓட்டிப்போய், கடப்பாரையால் அதைப் பிரித்துப் போடும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு பழையபடி ஸ்கூட்டர். பழையபடி முழங்கால் வலி.

வலி முழங்காலில் மட்டும் இல்லை, உள்ளே பெரிய நோய் இருக்கிறது என்பது மதுரை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. உங்கள் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் உங்கள் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கம்பெனியின் புது மாடல் பற்றிச் சொல்ல ஒரு பெண். வாங்கித் திட்டப்போனேன். நீங்கள் கையை நீட்டி போனை வாங்கினீர்கள். மூச்சு வாங்க வாங்க அவளிடம் சொன்னீர்கள்: "நீ நல்லாருப்பம்மா. உன் கம்பெனி நல்லாருக்காது."

பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இந்த நேரத்திலாவது எல்லாரையும் மன்னித்துவிடு என்றார்கள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "மன்னிக்க நான் யாருட்டி? செல்வியில்லா சொல்லணும்."

செல்வி இன்னும் சொல்லவில்லை. மாதாமாதம் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நானும் அவரும் போய் வருகிறோம். அண்ணனுக்கே அலுத்துவிட்டது, "விட்டுத் தொலைங்க" என்கிறார். வழக்கு ஒருவழியாக விசாரணைக்கு வந்திருக்கிறது. அடுத்த வாய்தாவில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனி வக்கீல் என்னையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பதட்டமா, மறதியா என்று கேட்பார். கேட்கட்டும். கண்மாய்க்கரையில் மேனேஜர் கொக்கியைப் பற்றிச் சொன்ன அன்று அந்தக் காரில் மூன்று பேர் இருந்தோம் மதினி. மேனேஜர் வாய் திறக்கமாட்டார். நீங்கள் இல்லை. மிச்சம் நான் இருக்கிறேன்.