நீ அடுக்கிய கற்கள்

மீன்தொட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த உப்புத்தண்ணீர் வாடை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று கூலிம் டவுன் கடையில் ஒரு கோமாளி மீன் வாங்கினேன். துளையிட்ட பெட்டிக்குள் போட்டுத் தொட்டியில் தொங்கவிட்டிருக்கிறேன். நீ வாங்கிய நீல மீன் காலையிலிருந்து அந்தப் பெட்டியை முட்டிக்கொண்டே இருக்கிறது. திறந்துவிட்டால் புதியது பிழைக்காது.

ஒரே வாடகை வீடு, வேறு வேறு ஷிப்ட். நான் வேலைக்குக் கிளம்பும்போது நீ கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாய். நாம் பார்த்துக்கொண்டதே இந்தத் தொட்டி முன்னால்தான். நான் சட்டை மாட்டுவேன், நீ நின்றபடி மைலோ குடிப்பாய். பேச்செல்லாம் மீன்தான், சண்டையும்.

சாதுவான மீனை முதலில் விட வேண்டும், சண்டைக்காரனைக் கடைசியில். முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். இதைப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால், நீலம் உள்ளே நீந்துகிறது.

"அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன். இத்துனூண்டு மீனுக்கு இவ்ளோ ரூல்ஸா லா?" என்றாய். பிறகு, "கோமாளி மீன் ஒன்னும் வாங்கலாம்டா."

"அப்ப கல்லெல்லாம் கலச்சி வேற மாதிரி அடுக்கு. அப்பத்தான் நீலத்துக்குத் தன் எடம் மறந்துபோயி, புதுசா வர்றத சும்மா விடும்."

"என் குகையவா? போடா! நீ மீனுக்கு மாமியாரா பொறந்திருக்கணும்."

அதோடு கோமாளி பேச்சு நின்றது. அப்புறம் சிங்கமீன் கேட்டாய். தொட்டியிலிருக்கும் இறாலை விழுங்கிவிடும் என்றேன். "இறாலுக்குத் தனி ரூம் போட்டுக் குடு மச்சான்" என்றாய். நான் சொன்னதுதான் சரி. இன்றும் சரி.

டெங்கிக் காய்ச்சலில் நீ போன பிறகு உன் அம்மா பாடாங் செராயிலிருந்து வந்து உன் துணிமணிகளை எடுத்துப் போனார். "மீன நீயே வச்சிக்க தம்பி, எனக்கு என்னா தெரியும்" என்றார். இப்போது நான் சட்டை மாட்டும் நேரத்தில் யாரும் கதவைத் திறப்பதில்லை. நானும் நீலமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு பேருக்கும் பேச வராது. அதனால்தான் நீ கேட்ட கோமாளியை வாங்கினேன்.

இடது மூலைக் குகையை ஒரு ஞாயிறு முழுக்கக் கட்டினாய், தோள்வரை நனைந்து. இந்த வீட்டில் உன் கை வைத்தபடியே இருந்தது அது ஒன்றுதான். இன்று கலைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத மாட்டேன். வேறு வழியில்லை.

பம்பை நிறுத்திவிட்டுக் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். தண்ணீர் கலங்கியது. நீலம் அங்குமிங்கும் ஓடியது. பெட்டியைத் திறந்தேன். கோமாளி மெல்ல வெளியே வந்தது. நீலம் கிட்டே வந்து பார்த்தது, பேசாமல் போய்விட்டது.

மாலைக்குள் நீலம் வலப்பக்கம் ஒரு புதுப் பொந்தைப் பிடித்துக்கொண்டது. நான்தான் ஒவ்வொரு முறையும் முதலில் இடது மூலையைப் பார்க்கிறேன்.