பார்த்தால் சாப்பிடாத பாம்பு

மே 11

இறால் பருவம் தொடங்க இன்னும் ஒரு வாரம். தம்பி ஓவி எங்கள் படகைக் கழுவிக்கொண்டிருக்கிறான். நான் நாற்காலியில். மார்ச்சில் மாரடைப்பு வந்ததிலிருந்து என் உலகம் இந்த நாற்காலியும் ஜன்னலும்தான். ஜன்னலில் பாயூ என்கிற எங்கள் ஊர்ச் சதுப்பு ஆறு தெரிகிறது. அதாவது, மற்றவர்களின் படகுகள் தெரிகின்றன.

மதியம் ஓவியின் மகள் நொயேலி ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ரிப்பன் பாம்பு. பென்சில் கனம், கருத்த உடம்பு, நீளவாக்கில் மஞ்சள் கோடுகள். அவள் வீட்டில் ஓர் அறை முழுக்க இந்த மாதிரிதான்.

"சும்மா ஒக்காந்து பெரியம்மாவோட மல்லுக்கு நிக்கறதுக்கு, இதப் பாத்துக்கங்க பெரியப்பா. விஷம் கெடையாது. சின்ன மீனா போட்டா போதும்."

ஓடீல் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. "ஏற்கெனவே ஒண்ணு இங்க சுருண்டு கெடக்கு. இப்ப ரெண்டாவதா?" என்றாள். கட்டிய பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

மே 12

மீன் போட்டேன். தொடவில்லை.

மே 14

பின்வாசல் ஓடையில் நானே சின்ன வலையில் பொடி மீன் அள்ளினேன். அதற்கும் ஓடீல் பின்னாலேயே வந்து, குனியாதே, மூச்சு வாங்குதா, வியர்க்குதா என்று நின்றாள். மீன்கள் தண்ணீர்த் தட்டில் சுற்றுகின்றன. பாம்பு மரப்பட்டைக்கு அடியில். காலை முழுவதும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன.

நொயேலிக்குப் போன் போட்டேன். "எடம் புதுசு, பயந்திருக்கு. கொஞ்ச நாள் அது பக்கமே போகாதீங்க," என்றாள். போகாமல் எங்கே போவது? வீட்டில் இருப்பது ஒரே ஒரு கூடம்.

இரவுச் சாப்பாடு கம்போக் குழம்பு. தொத்திறைச்சி இல்லை, உப்பும் இல்லை. கம்போ என்று பெயர் மட்டும் இருந்தது. ஓடீல் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். பாதியில் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன்.

மே 18

பருவம் திறந்தது. விடிவதற்குள் ஒவ்வொரு படகாக இறங்கிப் போயின. எங்கள் படகும். ஓவி ஜன்னலைப் பார்த்து ஒரு முறை சங்கு ஊதினான்.

படித்துறை வரை போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம் என்று எழுந்தேன். சாலையைத் தாண்டினால் வந்துவிடும். என் வெள்ளை ரப்பர் பூட்ஸைக் காணோம். கேட்டால், "எதுக்கு?" என்கிறாள். எதுக்கா? சிறு பிள்ளைகூடப் படித்துறைக்குப் போகிறது. குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூடாது என்றாள், சரி என்றேன். தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள், தூங்குவதுபோல் கிடந்தேன். இப்போது பூட்ஸையும் ஒளித்து வைத்தால் என்ன அர்த்தம்? நான் செத்துட்டேனா, இல்ல உயிரோட இருக்கேனா?

செருப்போடு போயிருக்கலாம். போகவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 19

பாம்பைக் கையில் எடுத்தேன். பழகட்டும் என்று. நாற்றத்தை என் சட்டை முழுக்கப் பீய்ச்சிவிட்டுத் தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஓடீல் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 23

இன்னும் சாப்பிடவில்லை. மெலிகிறதா? வால் பக்கம் மெலிந்த மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்து ஊட்டலாமா என்று நொயேலியிடம் கேட்டேன். "பெரியப்பா, அப்படி மட்டும் செஞ்சீங்கன்னா சத்தியமா நானே வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்," என்றாள். என் கையில் ஒரு புழு பூச்சிகூட உயிரோடு நிற்காதோ?

மே 25

ஓடீலின் கூட்டாளிகள் பூரே சீட்டு ஆட வந்தார்கள். பாம்பு இருக்கிற கூடத்தில் சீட்டுக்கட்டைத் தொட மாட்டோம் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஓடீல் பழைய படுக்கை விரிப்பை எடுத்துத் தூரத்திலிருந்தே தொட்டி மேல் வீசினாள். நாலு பக்கமும் மூடிக்கொண்டது. ஆட்டம் முடிய வெகு நேரம் ஆனது. விரிப்பை எடுக்க மறந்து படுத்துவிட்டேன்.

மே 26

தட்டில் ஒரு மீன்கூட இல்லை! பாம்பின் நடு உடம்பு உருண்டிருக்கிறது. ஓடீலைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். "நீ மூஞ்சியக் கொண்டுபோய் அப்பிக்கிட்டு நின்னா யாருக்குத்தான் தொண்டையில எறங்கும்?" என்றாள்.

மே 28

புதிதாக மீன் போட்டு விரிப்பால் மூடி வைத்தேன். சும்மா இருந்தேனா? விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாம்பின் வாயில் பாதி மீன். என்னைப் பார்த்ததும் அப்படியே துப்பிவிட்டுப் பட்டைக்கு அடியில் ஓடியது. அந்த மீன் தட்டில் புரண்டு கிடந்ததைப் பார்த்து எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

இரவுச் சாப்பாட்டில் வெடித்துவிட்டது. ஓடீல் என் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நீயே சொன்ன. மூஞ்சிய அப்பிக்கிட்டு நின்னா எறங்காதுன்னு. எனக்கும் அப்படித்தான் ஓடீல். ஒரு வேளை சோத்தையாவது தனியாத் தின்ன விடு," என்று கத்தினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "மார்ச்சுல நீ விழுந்த அன்னிக்கு நான் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். உள்ள ரேடியோ பாடிக்கிட்டிருந்துது. நானும் கூடவே பாடினேன். வந்து பாத்தா நீ இந்தத் தரையில கெடக்க. எவ்வளவு நேரமாக் கெடந்தன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது ஆல்சீட்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் நெஞ்சைப் பற்றி ஊரே கேட்டது; அவளிடம் யார் கேட்டார்கள்?

மே 29

இருவரும் பேசவில்லை. பாம்பும் சாப்பிடவில்லை.

ஜூன் 1

மூடியே வைத்திருக்கிறேன். தண்ணீர் மாற்றும்போது மட்டும் திறப்பு. மீன்கள் தீர்கின்றன. பார்க்கவேண்டும்போல் கை பரபரக்கிறது. பின்வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜூன் 3

காலையில் ஓடீல் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, நல்ல கவுனோடு வந்து நின்றாள். திபடோ ஊரில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். சாயங்காலம்தான் வருவாளாம். "அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன்," என்றாள். மாத்திரை என்றோ, போன் பக்கத்தில் இருக்கட்டும் என்றோ சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பவே சற்று நேரமானது. பிறகு கிளம்பியது. என் பூட்ஸ் வாசலில் இருந்தது.

படித்துறைக்குப் போனேன். ஓவி இறால் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து அவன் பனிக்கட்டி போடும் லட்சணத்தைக் குறை சொன்னேன். அவன் திருப்பித் திட்டினான். ரொம்ப நாள் கழித்து ஒரு திட்டு. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, சோறும் குழம்பும் கிண்ணம் நிறைய வைத்துக்கொண்டேன். எதிர் நாற்காலி காலி. முழுக்கச் சாப்பிட்டேன். உப்பு இல்லைதான். பிறகு கிண்ணத்தைக் கழுவினேன். போன் அடிக்குமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. எப்படி அடிக்காமல் இருக்கிறாள்? அங்கே எந்த நாற்காலியில், எப்படி உட்கார்ந்திருக்கிறாள்?

நானே கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"சாப்பிட்டேன்," என்றேன்.